பழைய பெடல் ஸ்டீல் கிட்டார்: ஒப்பிட்டு வாங்குவதும் பிக்கப் மாற்றுவதும்

பெடல் ஸ்டீல் என்பது கால்களின் மேல் மேசைபோல் கிடத்தி, உலோகப் பாரைத் தந்திகளின் மேல் நகர்த்தி வாசிக்கும் மின்கிட்டார். பாதப் பெடலும் முழங்கால் லெவரும் தந்தியின் சுருதியை மாற்றும். பழைய பெடல் ஸ்டீல் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஒலியில் இருந்துதான் தொடங்குகிறார்கள். எந்தப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் கம்பிச்சுருளும்), சிங்கிள் காயிலா (ஒற்றைச் சுருள்) ஹம்பக்கரா (முனகலை அடக்கும் இரட்டைச் சுருள்), எத்தனை கிலோ ஓம் என்று கேள்விகள் போகும். பிக்கப் ஒரு பிற்பகலில் கழற்றி மாற்றக்கூடிய பொருள். அடியில் தொங்கும் இயந்திரத்தை அப்படி மாற்ற முடியாது. தேய்ந்த சேஞ்சரும் (தந்தியை ஏற்றி இறக்கும் பொறி) விரிசல் விட்ட கிராங்கும் (பெடலின் அசைவை இழுகம்பிக்குக் கடத்தும் கை) வளைகிற உடலுமாக வந்து சேர்ந்த கிட்டாரை எந்தப் பிக்கப்பும் காப்பாற்றாது. அதனால்தான் கீழே முதல் பாதி முழுவதும் இயந்திரம் பற்றி இருக்கிறது. பிக்கப் பிறகு வருகிறது.

1. தேடும் முன் தீர்மானிக்க வேண்டியவை

ஒற்றைக் கழுத்தா, இரட்டைக் கழுத்தா? எஸ்-10 என்றால் ஒரு கழுத்து, 10 தந்தி, பெரும்பாலும் ஈ9 சுருதி. ஈ9, சி6 என்பவை தந்திகளைச் சுருதி சேர்க்கும் இரண்டு முறைகள். டி-10 என்றால் ஈ9 ஒன்று, சி6 ஒன்று. புதியவருக்கு எஸ்-10 போதும். டி-10 பெட்டியோடு 30 கிலோவை ஒட்டி வரும். மாடிப்படி ஏறுகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஆனால் பழைய சந்தையில் நல்ல டி-10கள்தான் அதிகம் கிடைக்கின்றன. சி6 கழுத்தைத் தொடாமலே வைத்துக்கொண்டு டி-10 வாசிப்பவர்கள் நிறைய உண்டு, அதில் தவறும் இல்லை.

பெடல், லெவர் எண்ணிக்கை 3+4, 8+4 என்று எழுதப்படும். முதல் எண் பாதப் பெடல், இரண்டாவது முழங்கால் லெவர். ஈ9க்கு 3 பெடலும் குறைந்தது 3 லெவரும் வேண்டும். 4, 8ஆம் தந்திகளை ஈயிலிருந்து எஃபுக்கு ஏற்றுவது ஒன்று, அதே தந்திகளை ஈ ஃப்ளாட்டுக்கு இறக்குவது ஒன்று, 2ஆம் தந்தியை இறக்குவது ஒன்று. ஒரே ஒரு லெவரோடு வரும் கிட்டார் மலிவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஆறு மாதத்தில் உங்களுக்கு அது போதாமல் போகும்.

எமன்ஸ் அமைப்பா, டே அமைப்பா என்றும் கேளுங்கள். எமன்ஸ் அமைப்பில் பெடல்கள் இடமிருந்து ஏ, பி, சி. டே அமைப்பில் அதுவே தலைகீழ். இரண்டும் சரியானவைதான். ஆனால் பாடக் குறிப்புகளில் பெரும்பாலானவை எமன்ஸ் வரிசையில் வருகின்றன. சில இயந்திரங்களில் ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது நாள் முழுக்க இழுக்கும் வேலை.

2. எந்தப் பெயரில் எது கிடைக்கும்

ஃபெண்டர் 400, 1000: 8 தந்தி, கேபிள் இழுவை. தோற்றம் அழகு, ஒலியும் தனி அழகு. ஆனால் இன்றைய 10 தந்தி ஈ9 பாடங்களை இதில் வாசிக்க முடியாது. முழங்கால் லெவர் இல்லாமல்தான் தொழிற்சாலையை விட்டு வந்தன. முதல் கிட்டாராக வேண்டாம்.

ஷோ-பட் மேவரிக்: தொடக்கநிலை மாடல். 3 பெடல், பெரும்பாலும் 1 லெவர். கூடுதல் லெவர் பொருத்துவது எளிதில்லை. விளம்பரங்களில் "பழைய ஷோ-பட்" என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு மேவரிக்குக்கு ப்ரோ மாடலின் விலை கொடுத்து ஏமாறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஷோ-பட் ப்ரோ வரிசை: ப்ரோ I ஒற்றைக் கழுத்து. ப்ரோ II, ப்ரோ III இரண்டும் இரட்டைக் கழுத்து. இரண்டாவதில் மரக் கழுத்து, மூன்றாவதில் அலுமினியக் கழுத்து. மேப்பிள் மரத்தின் இதமான ஒலிக்காகவே இவற்றைத் தேடுகிறார்கள். சிக்கல் அடியில் இருக்கிறது. 1970களின் நடுப்பகுதியில் வந்த பலவற்றின் கிராங்குகளும் பிராக்கெட்டுகளும் துத்தநாகக் கலவை வார்ப்பு. வயதாக ஆக விரிசல் விடும், திருகை இறுக்கினால் உடையும். எஃகிலும் அலுமினியத்திலும் கடைந்த மாற்று உதிரிகள் கிடைக்கின்றன. அவற்றின் செலவையும் கணக்கில் சேர்த்து விலை பேசுங்கள்.

எமன்ஸ் புஷ்-புல்: 1960களின் நடுவிலிருந்து 1980களின் தொடக்கம் வரை வந்தவை. ஏற்றத்துக்கு இழுக்கும், இறக்கத்துக்குத் தள்ளும். இடைப்பொருள் குறைவு என்பதால் தந்தியின் அதிர்வு கிட்டாரின் உடலுக்கு நேராகப் போகிறது என்பார்கள். ஒலியைக் கேட்டவர்கள் அதை மறுப்பதில்லை. ஆனால் திறந்த சுருதி, ஏற்றம், இறக்கம் மூன்றும் ஒன்றை ஒன்று இழுக்கும். சுருதி சேர்க்கும் வரிசை தவறினால் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்பீர்கள். ஒரு பெடலின் வேலையை மாற்ற வேண்டுமானால் கிட்டாரைக் கவிழ்த்துப்போட்டு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். கற்றுத்தர ஆள் பக்கத்தில் இல்லையென்றால் இரண்டாவது கிட்டாராக வைத்துக்கொள்ளுங்கள்.

எமன்ஸ் லெகிராண்ட்: புஷ்-புல்லுக்குப் பின் வந்த ஆல்-புல் வகை. ஏற்றம், இறக்கம் இரண்டும் இழுகம்பியாலேயே நடக்கும். முனைத்தட்டில் உள்ள நைலான் மரைநட்டைத் திருகிச் சுருதி சேர்க்கலாம். புதியவருக்கும் கைவரும்.

எம்எஸ்ஏ கிளாசிக்: டல்லாஸ் தயாரிப்பு, ஆல்-புல். கனம் அதிகம், இயந்திரம் முரட்டு உறுதி. ஹம்பக்கர் பிக்கப்போடு வரும். ஷோ-பட், எமன்ஸ் அளவுக்குப் பெயர் இல்லாததால் அதே உழைப்புக்குக் குறைந்த விலையில் கிடைக்கும். பணத்துக்குப் பொருள் என்று பார்த்தால் பழைய சந்தையில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

ஸம்ஸ்டீல், மார்லன், டெக்லி போன்ற பெயர்களும் கண்ணில் படும். பெயரை நம்பி முடிவு செய்யாமல் அடுத்த இரண்டு படிகளிலும் தேர்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கேல் நீளத்தையும் (தந்தி அதிரும் நீளம்) கேட்டு வையுங்கள். ஷோ-பட், எம்எஸ்ஏ 24 அங்குலம், எமன்ஸ் 24¼ அங்குலம். வாசிப்பில் பெரிய வித்தியாசம் தெரியாது. நீளம் கூடினால் இழுவிசையும் சற்றுக் கூடும் என்பதால் 3ஆம் தந்தி அறுவதில் மட்டும் அந்தக் கால் அங்குலம் தன் வேலையைக் காட்டும்.

3. பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

விற்பவர் "எல்லாம் நன்றாக வேலை செய்கிறது" என்பார். அந்த வாக்கியத்துக்கு மதிப்பில்லை. கீழ்க்கண்டவற்றை அனுப்பச் சொல்லுங்கள்:

- அடிப்பகுதியின் முழுப் படம், சேஞ்சர் பக்கம் ஒன்று, கிராங்குகள் அருகில் இரண்டு மூன்று. மேல்பக்கப் படங்களை மட்டும் அனுப்புகிறவரிடம் மறுபடியும் கேளுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.
- கோபெடன்ட் அட்டவணை, அதாவது எந்தப் பெடல் எந்தத் தந்தியை எந்தச் சுரத்துக்குக் கொண்டுபோகிறது என்ற பட்டியல்.
- வரிசை எண்ணின் படம்.
- பிக்கப் அசலா, மாற்றப்பட்டதா, திரும்பச் சுற்றப்பட்டதா என்பதற்கு ஒரு வரிப் பதில். அசல் பிக்கப் தனியாக இருந்தால் அதையும் விற்பனையில் சேர்க்கச் சொல்லுங்கள்.
- உடன் வரும் பொருள்களின் பட்டியல்: 4 கால்கள், பெடல் பார் (பெடல்கள் மாட்டிய சட்டம்), பெடல் ராடுகள் (பெடலை இயந்திரத்தோடு இணைக்கும் கம்பிகள்), பெட்டி. ஒரு கால் தொலைந்திருந்தால் அதே மரைக்கு மாற்றுக் கால் தேட வேண்டியிருக்கும். எல்லாத் தயாரிப்பாளரின் மரையும் ஒன்றல்ல.
- வாசிக்கும் காணொளி ஒன்று. வாசிப்புத் திறமை தேவையில்லை. ஒவ்வொரு பெடலையும் லெவரையும் ட்யூனர் தெரியும்படி மிதித்து விட்டால் போதும்.

வேறு நாட்டிலிருந்து வரவழைத்தால் விலைச்சீட்டில் பொருளின் பெயர், ஆண்டு, "பழையது" என்ற சொல், உண்மையான விலை நான்கும் இருக்க வேண்டும். மின்சாரத்தால் ஒலிபெருக்கப்படும் இசைக்கருவிகள் சுங்க வகைப்பாட்டில் 9207 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. கிட்டார் 9207.90. 9202 என்று எழுதினால் அது ஒலிபெருக்கி தேவையில்லாத தந்திக் கருவிகளுக்கானது, கேள்விகள் வரும். விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். வழியில் உடைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

பெட்டியோடு அப்படியே அனுப்பினால் போதாது. பெட்டிக்குள் கிட்டார் அசையாதபடி திணிக்க வேண்டும். கால்களும் ராடுகளும் தனிப் பையில் கட்டி இருக்க வேண்டும். பெட்டியை மொத்தமாக இன்னொரு அட்டைப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். உள்ளே தளர்வாகக் கிடக்கும் பெடல் பார், கிட்டாரின் முகப்பை உடைக்கும் சுத்தியலாகிவிடும்.

4. நேரில் பார்க்கும்போது: ஒரு மணி நேரச் சோதனை

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான் இதுவும். கூச்சப்படாதீர்கள். ட்யூனர், கைவிளக்கு, மல்டிமீட்டர், கிட்டார் கேபிள் ஒன்று எடுத்துப் போங்கள்.

சேஞ்சர் ஃபிங்கர்: தந்தி வளைந்து இறங்கும் வட்டத்தின் மேல் விளக்கடித்துப் பாருங்கள். மெல்லிய கோடு இருந்தால் பரவாயில்லை. நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் அங்கே தந்தி இரையும், அடிக்கடி அறும். பள்ளம் ஆழமில்லையென்றால் 1500, பிறகு 2000 எண் உப்புத்தாளால் வட்ட வடிவம் கெடாமல் தேய்த்து மெருகேற்றலாம். ஆழமென்றால் ஃபிங்கரையே மாற்ற வேண்டும்.

ரோலர் நட் (சேஞ்சருக்கு எதிர்முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு உருளைகள்): ஒவ்வொரு ரோலரும் சுழல வேண்டும். பழைய எண்ணெய் பிசின்போல் இறுகிச் சுழலாமல் நின்றால் பெடலை விட்டதும் தந்தி சுருதிக்குத் திரும்பாது. வாசிக்கும் உலோகப் பாரை நட்டின் அருகில் தந்திகளின் மேல் கிடத்திப் பாருங்கள். எல்லாத் தந்தியின் முதுகும் ஒரே மட்டத்தில் பாரைத் தொட வேண்டும்.

திரும்பும் சோதனை: 4ஆம் தந்தியை ஈக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்றும் லெவரை அழுத்தி விட்டு ட்யூனரைப் பாருங்கள். பிறகு இறக்கும் லெவரை அழுத்தி விட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். 2, 3 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒன்று) வித்தியாசத்தை மன்னிக்கலாம். அதற்கு மேல் போனால் அழுக்கு, தளர்ந்த ஸ்பிரிங், தேய்ந்த அச்சு, இவற்றில் ஒன்று. அழுக்குதான் அதிகம்.

உடல் வளைவு: இதைப் புதியவர்கள் யாரும் சோதிப்பதில்லை. 4ஆம் தந்தியைத் திறந்தபடி மீட்டி, ஏ, பி பெடல்களைச் சேர்த்து மிதியுங்கள். இந்தப் பெடல்கள் 4ஆம் தந்தியைத் தொடுவதே இல்லை. ஆனாலும் ட்யூனர் கீழே இறங்கும். மற்றத் தந்திகளின் இழுவிசை கூடும்போது மொத்த உடலும் நூலளவு வளைவதுதான் காரணம். 5 சென்டுக்குள் இறங்கினால் நல்ல கிட்டார். 10ஐத் தாண்டினால் ஒட்டுகள் விட்டிருக்கலாம், சேஞ்சர் பிடிமானம் தளர்ந்திருக்கலாம். பழைய மர உடல்களில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

ஜோடித் தந்திகள்: ஏ பெடல் 5, 10ஆம் தந்திகளை ஒன்றாக பியிலிருந்து சி ஷார்புக்கு ஏற்றுகிறது. மெதுவாக மிதித்தால் இரண்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிய வேண்டும். ஆல்-புல் கிட்டாரில் கிராங்கின் வேறு துளைக்கு இழுகம்பியை மாற்றி இதைச் சரிசெய்துவிடலாம். விலையைக் குறைக்கக் காரணமாகுமே தவிர, வாங்காமல் விடக் காரணமாகாது.

ஒரு பொதுவான ஏமாற்றம்: எல்லாத் தந்தியையும் ட்யூனரின் நடுக்கோட்டில் நிறுத்திவிட்டு, "ஜி ஷார்ப் கசக்கிறது, கிட்டார் கோளாறு" என்று முடிவு கட்டுவது. தூய மேஜர் மூன்றாம் சுரம், ட்யூனர் காட்டும் சமப்பங்கீட்டுச் சுருதியைவிடச் சுமார் 14 சென்ட் கீழே இருக்கிறது. பெடல் ஸ்டீல்காரர்கள், ஈயின் மூன்றாம் சுரமான ஜி ஷார்ப் நிற்கும் 3, 6ஆம் தந்திகளைக் காதுக்கு இதமாகும் வரை இறக்கித்தான் சேர்க்கிறார்கள்.

கடைசியாக மல்டிமீட்டர். கேபிளைக் கிட்டாரில் செருகி, மறுமுனையின் நுனிக்கும் உறைக்கும் இடையே மின்தடை பாருங்கள். பெடல் ஸ்டீல் சிங்கிள் காயில்கள் பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ ஓமுக்குள் வரும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கிட்டாரிலேயே 500 கிலோ ஓம் வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் மின்தடை) இருந்தால், அறுந்துபோன பிக்கப்பும் "500" என்று ஓர் எண்ணைக் காட்டும். எண் வருகிறதே என்று நம்பிவிடாதீர்கள். நல்ல 18 கிலோ ஓம் பிக்கப் அந்தப் பாட்டோடு சேர்ந்து 17.4 என்று காட்டும்.

5. வந்து சேர்ந்த முதல் வாரம்

புதுத் தந்தி போடாமல் ஒலியைப் பற்றி எந்தத் தீர்ப்பும் வேண்டாம். ஈ9க்கு வழக்கமான தடிமன், 1 முதல் 10 வரை: .013, .015, .011, .014, .017, .020, .026, .030, .034, .036. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மொத்த இழுவிசையும் ஒரேயடியாகப் போனால் தளர்ந்த உதிரிகள் இடம் மாறிவிடும்.

6ஆம் தந்தி சிலருக்கு .020 வெற்றுக் கம்பி, சிலருக்கு .022 சுற்றுக் கம்பி. சுற்றுக் கம்பியின் உள்கம்பி மெல்லியது. அதே சுருதி மாற்றத்துக்கு அதிக இழுப்பு கேட்கும். கிட்டார் எதற்காக அமைக்கப்பட்டதோ அதையே போடுங்கள். மாற்றினால் பெடல் சுருதி எட்டாமல் போகலாம்.

சேஞ்சரிலும் ரோலரிலும் இறுகிய எண்ணெயை நாப்தா சொட்டுச் சொட்டாக விட்டுக் கரைத்து, துடைத்து, பிறகு தையல் இயந்திர எண்ணெய் ஊசி முனையால் ஒரு சொட்டு. ஸ்பிரே வேண்டாம். அது மரத்திலும் பிக்கப்பிலும் போய்ப் படியும். நாப்தா எளிதில் தீப்பற்றும், சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

6. குறை பிக்கப்பில்தானா என்று பாருங்கள்

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது பிக்கப்புக்கு நன்றாகப் பொருந்தும். ஒலி மங்கல் என்று பிக்கப்பை மாற்றுகிறவர்களில் பலருடைய உண்மையான சிக்கல் வால்யூம் பெடலில் (சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் தனிக் கால்பெடல்) இருக்கிறது.

காரணம் எளியது. பெடல் ஸ்டீல் பிக்கப்பின் மின்மறுப்பு அதிகம். அதன் பின்னால் வரும் 500 கிலோ ஓம் வால்யூம் பெடல் அதற்குச் சுமை. கிட்டாரிலும் ஒரு 500 கிலோ ஓம் பாட் இருந்தால் இரண்டும் இணைந்து 250 ஆகிவிடும், மேல் ஒலிகள் மழுங்கும். கேபிள் நீளமாக இருந்தால் அதன் மின்தேக்கம் மிச்சத்தையும் தின்னும்.

சோதனை: வால்யூம் பெடலைத் தவிர்த்து, 3 மீட்டர் கேபிளில் நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போங்கள். ஒலி திறந்துகொண்டால் பிக்கப் குற்றமற்றது. கிட்டாருக்கும் வால்யூம் பெடலுக்கும் நடுவில் ஒரு பஃபர் (பின்னால் வரும் சுமை பிக்கப்பின் மேல் விழாமல் தடுக்கும் சிறு மின்சுற்று) போடுங்கள். குட்ரிச் மேட்ச்பாக்ஸ், சார்னோ ஃப்ரீலோடர் போன்றவை இதற்காகவே செய்யப்பட்டவை. பஃபர் உள்ளேயே இருக்கும் மின்னணு வால்யூம் பெடலானால் இது தேவையில்லை.

இரைச்சலுக்கும் இப்படியே வரிசையாகப் போகலாம். கிட்டாரை இடவலமாகத் திருப்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால் அது சிங்கிள் காயில் காற்றிலிருந்து பிடிக்கும் மின்காந்த முனகல். ஹம்பக்கர்தான் மருந்து. தந்தியைத் தொட்டதும் குறைந்தால் உள் வயர்களுக்கு உறைக்காப்பு போதவில்லை. தந்தியைத் தொட்டதும் கூடினால் ஜாக்கில் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன, அல்லது சேஞ்சருக்குப் போகும் எர்த் வயர் விட்டிருக்கிறது. மீட்டரால் சேஞ்சருக்கும் ஜாக் உறைக்கும் தொடர்ச்சி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு தந்தி மட்டும் ஓங்கி ஒலித்தால் பெரும்பாலும் அந்தத் தந்தியின் வகைதான் காரணம். வெற்று 6ஆம் தந்தி இப்படி அடிக்கடி கத்தும். நிக்கலா, ஸ்டெயின்லெஸ் எஃகா என்பதும் ஒலியை மாற்றும். ஒரு செட் தந்தியின் விலையில் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

உண்மையிலேயே கெட்ட பிக்கப்பின் அடையாளங்கள் மூன்று. மீட்டரில் முடிவிலி (கிட்டாரில் பாட் இருந்தால் மேலே சொன்ன 500) காட்டுவது ஒன்று. காயில் அறுந்திருக்கிறது, பெரும்பாலும் முனைகளில் துருவேறி. தந்தி புதிதாக இருந்தும் ஒரு பக்கம் மட்டும் மெலிந்து ஒலிப்பது இரண்டாவது. சத்தம் கூட்டும்போது கீச்சிடுவதும், பிக்கப்பைத் தட்டினால் மைக்கைப்போல் கேட்பதும் மூன்றாவது. கடைசியதற்கு மெழுகு ஊறவைத்தல் போதும். பாரஃபின் 80, தேன்மெழுகு 20 என்ற கலவை. தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து 60–65 டிகிரி செல்சியஸ். குமிழி நிற்கும் வரை சுமார் 20 நிமிடம். மெழுகை நேரடித் தீயில் வைக்கவே கூடாது. பழைய பிளாஸ்டிக் பாபின் (காயில் சுற்றிய சட்டம்) சூட்டில் வளையும் என்பதால், விலை மதிப்புள்ள அசல் பிக்கப்பானால் திரும்பச் சுற்றித் தருபவரிடமே கொடுத்துவிடுங்கள்.

7. பிக்கப் தேர்வு

முதலில் அளவுகள். நான்கை எழுதிக்கொள்ளுங்கள்: பிக்கப்பின் நேர் மேலே 1ஆம் தந்தியின் நடுவிலிருந்து 10ஆம் தந்தியின் நடுவரை எத்தனை மி.மீ., குழியின் நீளமும் அகலமும், குழியின் ஆழம், திருகுத் துளைகளின் இடைவெளி. தந்தி இடைவெளி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். தந்திக்கு ஒன்றாகக் காந்தத் தூண்கள் உள்ள பிக்கப்பில் இது சற்று விலகினாலும் ஓரத் தந்திகள் மெலிந்துவிடும். எல்லாத் தந்திக்கும் ஒரே நீளத் தகடு உள்ள பிளேடு வகையில் அந்தக் கவலை இல்லை. பழைய எமன்ஸ், ஷோ-பட் குழிகள் குறுகலானவை. அகலமான ஹம்பக்கர் அவற்றில் நுழையாது. நுழைப்பதற்காக மரத்தையோ அலுமினியக் கழுத்தையோ குடையாதீர்கள். குடைந்த பழைய கிட்டாரின் மறுவிற்பனை விலை சட்டென்று விழும். குறுகல் குழிக்கென்றே செய்த ஹம்பக்கர்கள் இருக்கின்றன.

பெயர்கள்: பழைய சிங்கிள் காயில் ஒலி வேண்டுமானால் ட்ரூடோன். முனகலில்லாத ஹம்பக்கர் வேண்டுமானால் பில் லாரன்ஸ் 705, 710, ஜார்ஜ் எல்'ஸ் இ-66, டெலோனிக்ஸ். லேஸ் அலுமிடோன் தனி வகை, அலுமினியச் சட்டத்தில் மின்னோட்டம் உண்டாகி இயங்குவது, எடையும் மிகக் குறைவு.

கிலோ ஓம் எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். 42 கேஜ் கம்பியில் சுற்றியதும் அதைவிட மெல்லிய 43, 44 கேஜில் சுற்றியதும் ஒரே எண்ணிக்கைச் சுற்றுக்கு வேறு வேறு மின்தடை காட்டும். ஒரே கேஜ், ஒரே காந்தம், ஒரே வடிவம் என்றால் மட்டும் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. தவிர, செம்பின் மின்தடை சூட்டோடு ஏறும். 10 டிகிரி வித்தியாசத்தில் 18 கிலோ ஓம் 18.7 ஆகும். வாங்கிய இடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று காட்டினால் பதற வேண்டாம்.

டி-10 வைத்திருப்பவர்கள் இரண்டு கழுத்துக்கும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குவது நல்லது. ஒன்றை மட்டும் மாற்றினால் கழுத்து மாறும்போது ஒலி அளவும் தாவும்.

8. மாற்றும் வேலை

தேவை: 30–40 வாட் பற்றவைப்பான், ரோசின் கலந்த 60/40 ஈயப்பற்று, வெப்பச் சுருங்குகுழாய், மல்டிமீட்டர், சின்னத் திருகுளிகள், புதுத் தந்தி செட், துணி.

அ. எதையும் கழற்றும் முன் வயரிங்கைப் படம் எடுங்கள். எந்த நிறம் எங்கே என்று தாளிலும் எழுதுங்கள். பழைய கிட்டார்களில் இடையில் யாரோ கைவைத்திருப்பார்கள், இணையத்தில் கிடைக்கும் வரைபடம் உங்கள் கிட்டாருக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆ. தந்திகளைத் தளர்த்தி, சேஞ்சர் பக்கம் விடுவித்து, ஒதுக்கி வையுங்கள். சேஞ்சர் ஃபிங்கர் மேல் துணி போடுங்கள், திருகுளி நழுவினால் கீறும். ஈயத்துளி அடியிலுள்ள கிராங்குகளில் விழாதபடி அங்கேயும் ஒரு துணி.

இ. உயரத் திருகுகளைக் கழற்றுங்கள். அடியில் ஸ்பிரிங் அல்லது ரப்பர்க் குழாய் இருக்கும், பத்திரம். பழைய ரப்பர் பொடியாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். அதுவே சில நேரம் அதிர்வு இரைச்சலுக்குக் காரணம்.

ஈ. பழைய பிக்கப்பின் வயரை வெட்டாதீர்கள், சூடாக்கி எடுங்கள். வெட்டினால் திரும்பப் பொருத்த நீளம் போதாது. விற்கும்போது வாங்குபவர் கேட்கும் முதல் பொருள் அந்த அசல் பிக்கப்தான்.

உ. புது ஹம்பக்கரில் நான்கு வயரும் ஓர் உறை வயரும் இருந்தால், நிறங்களைத் தயாரிப்பாளரின் தாளில் மட்டும் பாருங்கள். ஒருவரின் சிவப்பு இன்னொருவரின் சிவப்பு இல்லை. தாள் தொலைந்திருந்தால் மீட்டரில் மின்தடை காட்டும் ஜோடிகளைக் கண்டுபிடித்து ஒவ்வொரு காயிலையும் தனியாக அடையாளம் காணலாம்.

ஊ. டி-10 என்றால் ஃபேஸ் சோதனை, அதாவது இரண்டு பிக்கப்பின் மின் திசையும் ஒன்றா என்று பார்ப்பது. மீட்டரை மில்லிவோல்ட் டிசியில் வைத்து, திருகுளியின் தட்டைப் பக்கத்தைப் பிக்கப்பில் ஒட்டி வெடுக்கென்று எடுங்கள். இரண்டு பிக்கப்பும் ஒரே குறியைக் காட்ட வேண்டும். எதிரெதிராகக் காட்டினால், இரண்டு கழுத்தும் சேர்ந்து ஒலிக்கும் நிலையில் ஒலி சப்பென்று மெலிந்துவிடும். உலோக மூடியோ தட்டோ எர்த்தோடு இணைந்திருக்கும் பிக்கப்பில் வயரை வெறுமனே மாற்றிப் போடாதீர்கள். முதலில் மூடியின் எர்த்தைப் பிரித்துத் தனி வயராக்க வேண்டும்.

எ. பற்றவைப்பு ஒவ்வொன்றும் 2, 3 விநாடி. பாட்டின் முதுகில் நேரம் கூடும், ஆனால் 5 விநாடிக்கு மேல் போனால் பாட் உள்ளே வேகும். ஈயம் பளபளவென்று படர வேண்டும், உருண்டை கட்டி மங்கலாக நின்றால் பிடிக்கவில்லை.

ஏ. தந்தி போடும் முன் கேபிள் செருகி, ஆம்ப்ளிஃபயரைக் குறைந்த சத்தத்தில் வைத்து, திருகுளியால் ஒவ்வொரு தூணையும் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஒலி வந்தால் தந்தி மாட்டலாம். இந்தப் படியைத் தவிர்த்தவர்கள் பத்துத் தந்தியையும் இரண்டு முறை கழற்றியிருக்கிறார்கள்.

9. உயரம்

தூண் முனைக்கும் தந்திக்கும் இடையே இரு ஓரத்திலும் 3 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள். பெடல் ஸ்டீலில் தந்தியைக் கழுத்தோடு அழுத்துவதில்லை என்பதால் பிக்கப்பை இன்னும் நெருக்க ஆசை வரும். நெருக்கினால் சத்தம் கூடும், கூடவே இரண்டு தொல்லைகளும் வரும். விரல் நகப் பிக்குகள் பிக்கப்பில் தட்டுவது ஒன்று. காந்தம் தடித்த தந்திகளைப் பிடித்து இழுத்து, நீண்டு நிற்க வேண்டிய ஒலியைச் சீக்கிரம் அடக்குவது மற்றொன்று. ஒரு திருகுக்குக் கால் சுற்று என்ற கணக்கில் மாற்றி, 3ஆம் தந்தியும் 10ஆம் தந்தியும் ஒரே அளவில் கேட்கும் வரை சரிசெய்யுங்கள். இதைத் திறந்த தந்தியில் செய்யாமல் 8ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் பாரை வைத்துச் செய்தால் நீங்கள் உண்மையில் வாசிக்கும் இடத்தின் சமநிலை கிடைக்கும்.

10. செலவும் நேரமும்

புதிய 10 தந்திப் பிக்கப் ஒன்று 200 டாலரை ஒட்டி வரும். பஃபர் அதற்குச் சற்று முன்பின். திரும்பச் சுற்றுவது புதிதைவிட மலிவு, ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கையால் சுற்றித் தருபவர்களிடம் புதிது கேட்டாலும் அப்படித்தான். எனவே பிக்கப் கையில் வரும் வரை பழையதைக் கழற்ற வேண்டாம். மாற்றும் வேலைக்கு முதல் முறை நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள், அதில் பாதி தந்தி மாட்டவும் சுருதி நிலைக்கவும் போகும். மறுநாள் மீண்டும் சுருதி சேருங்கள். புதுத் தந்தி ஓர் இரவில் தளர்ந்திருக்கும்.

இயந்திரச் செலவுதான் பெரியது. விரிசல் விட்ட வார்ப்பு உதிரிகளை மாற்றுவது, சேஞ்சரைப் பிரித்துச் சேர்ப்பது, லெவர் கூட்டுவது எல்லாம் தெரிந்த கைவினைஞரிடம் போனால் பிக்கப் விலையைப்போல் சில மடங்கு ஆகும். வாங்கும் விலையோடு இதைக் கூட்டிப் பார்த்த பிறகு, நன்றாக இயங்கும் நிலையிலுள்ள எம்எஸ்ஏவோ லெகிராண்டோ முதலில் மலிவாகத் தெரிந்த ஷோ-பட்டைவிடக் குறைவாகவே முடியும்.

கழற்றிய அசல் பிக்கப்பை மென்தாளில் சுற்றி, கிட்டாரின் வரிசை எண், எந்தக் கழுத்து, அளந்த மின்தடை, கழற்றிய தேதி நான்கையும் எழுதிப் பெட்டியின் உள்ளேயே வையுங்கள். வேறொரு காந்தத்தோடு, ஸ்பீக்கரோடு சேர்த்து அலமாரியில் போட்டுவிடாதீர்கள். பழைய அல்நிகோ காந்தம் அங்கே வலுவிழக்கும்.